வெயில் மேல் பழி

"வெயில் இப்படி அடிக்குமென்று யார் கண்டது? எங்கள் அதிர்ஷ்டம் அவ்வளவுதான்" என்றான் அந்த வாலிபன்.

அவன் காலடியில் ஓர் எல்க் மான் கிடந்தது. முந்தின நாள் மாலை வரையில் அந்த மலைச்சரிவு முழுவதும் கேட்கும்படி கூவிக்கொண்டு திரிந்த ஆண் மான். அதன் பின்னந்தொடைச் சந்தில் கத்தியை இறக்கியதும் எழுந்த நாற்றத்தை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை. என் கதைகளில் துர்நாற்றம் அதிகம் என்று ஏற்கெனவே விமரிசகர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வாலிபன் பேரில் எனக்கு வந்த கோபம் இன்னும் தணிந்தபாடில்லை. அவன் வேட்டையாடியதற்காக நான் கோபிக்கவில்லை. நான் கறி தின்று வளர்ந்தவன். அந்தக் கோபத்துக்கு எனக்கு யோக்யதை கிடையாது. வெயில் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டானே, அதற்காகத்தான் கோபம்.

இதை ஊரிலுள்ள என் நண்பர் ஒருவருக்கு எழுதினேன். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சுத்த சைவர். பதில் வந்தது. "ஓய், கொன்றது பாவம். அதோடு விஷயம் முடிந்தது. அப்புறம் அது கெட்டால் என்ன, கெடாவிட்டால் என்ன? பிணத்துக்கு என்ன ஆசாரம் வேண்டிக்கிடக்கிறது? கறிக்கடைக்காரனுக்கு வேண்டிய கவலையை நீர் ஏன் படுகிறீர்?"

வேடிக்கையைப் பாருங்கள். அம்பு விட்டுக் கொன்ற அமெரிக்க வாலிபனும், வெங்காயம்கூடச் சேர்க்காத என் நண்பரும் ஒரே கட்சியில் நிற்கிறார்கள். உயிர் போன நிமிஷத்தோடு பொறுப்பும் போய்விட்டது என்பது இருவருக்கும் பொதுவான சித்தாந்தம். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த நிமிஷத்திலேதான் பொறுப்பு ஆரம்பமாகிறது என்பது என் கட்சி. அதற்கு நான் கண்ணால் கண்டதையே சாட்சியாக வைக்கிறேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் கொலராடோவில் இருக்கிறார்கள். அவர்கள் அண்டை வீட்டுக்காரர் எழுபது வயதுத் தச்சர். வருஷத்துக்கு ஓர் எல்க். அதுதான் அவர் வீட்டுக் கறி. கிழவரும் அவர் மனைவியும் குளிர்காலம் முழுவதும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். செப்டம்பர் மாதம் வில் வேட்டைக்கான பருவம். அவர் ராக்கி மலைக்குப் புறப்பட்டபோது, சுமை தூக்குவதற்கு ஆள் வேண்டுமென்று என் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். "மாமா, நீங்களும் வாருங்களேன், கதைக்கு ஏதாவது கிடைக்கும்" என்றார் மாப்பிள்ளை. நாவலாசிரியனை எங்கே வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போவதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

எல்க் என்பதை நம் மேற்குத் தொடர்ச்சி மலை மிளாவுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். வளர்ந்த ஆண் மான் ஏறக்குறைய 700 பவுண்டு இருக்கும். எலும்பை நீக்கினால் சுமார் 200 பவுண்டு கறி தேறும். செப்டம்பர் அதற்கு இணை தேடும் காலம். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து புல்லாங்குழலைக் கண்டபடி ஊதினாற்போல ஒரு கீச்சுக் குரல் வரும். முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரவில் கூடாரத்துக்குள் படுத்துக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

புறப்படுவதற்கு முன்பு கிழவர் தம் சாமான்களையெல்லாம் கார்க் கொட்டகைத் தரையில் பரப்பியிருந்தார். வில்லும் அம்பும் ஒரு மூலையில். மற்ற இடமெல்லாம் வேறு சாமான்கள்: கத்திகள், கயிறு, தலையணை உறை மாதிரி வெள்ளைத் துணிப்பைகள் பத்துப் பன்னிரண்டு, கறிக்குள் செருகிப் பார்க்கிற உஷ்ணமானி, வெயில் மறைக்க மெல்லிய படுதா. வண்டியில் இரண்டு பெரிய ஐஸ் பெட்டிகள். அவற்றில் பால் டப்பாக்களில் தண்ணீரை நிரப்பிப் பாறையாக உறையவைத்து அடுக்கியிருந்தார். உதிரி ஐஸைக் கொட்டினால் உருகிய தண்ணீரில் கறி ஊறிக் கெட்டுவிடுமாம். டப்பாவுக்குள் இருந்தால் குளிர் மட்டும் வரும், ஈரம் வராது. என் மாப்பிள்ளை உதவியாக இருக்கட்டுமென்று பெரிய பிளாஸ்டிக் பைகள் ஒரு கட்டு வாங்கி வந்திருந்தார். கிழவர் அவற்றைப் பார்த்துச் சிரித்தார். சூடான கறியைப் பிளாஸ்டிக்கில் கட்டுவது, வைக்கோலுக்குள் மாங்காயைப் பழுக்கவைப்பது மாதிரி. சூடும் வெளியே போகாது, ஈரமும் போகாது.

"இதெல்லாம் கொன்ற பிறகுதானே தேவை?" என்று கேட்டேன். "கொன்ற பிறகு தேவைப்படுவது கைவசம் இல்லையென்றால் கொல்லக்கூடாது" என்றார் கிழவர். அப்போது அதை ஒரு கிழவரின் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

கொலராடோவின் மேற்கே பிளாட் டாப்ஸ் என்கிற வனப்பகுதிக்குப் போனோம். 1964-ஆம் வருஷத்துச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காடுகளில் ஒன்று. அங்கே மோட்டார் கூடாது. மோட்டார் என்ன, கையால் தள்ளும் சக்கர வண்டிகூடக் கூடாது. மனிதன் தோள் அல்லது குதிரை முதுகு, இரண்டே வழி. சாலையிலிருந்து ஐந்து மைல் உள்ளே, ஒன்பதாயிரம் அடி உயரத்தில் கூடாரம். வாடகைக் குதிரைகள் எங்களை இறக்கிவிட்டு, ஆறாம் நாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டன. என்னைச் சுமந்த குதிரைக்கு என் இலக்கிய அந்தஸ்து பற்றி நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் மலையில் எதிர்பாராத வெப்பம். பகலில் பாரன்ஹீட் 80 டிகிரி. இரவிலும் 50-க்குக் கீழே இறங்கவில்லை. நமக்கு அது மார்கழி. கறிக்கு அது அக்கினி நட்சத்திரம். கெடுக்கும் கிருமிகள் 40 டிகிரிக்கு மேலே போனால் பெருக ஆரம்பிக்கின்றன என்பது குளிர்பெட்டி வைத்திருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த கணக்குத்தான்.

இரண்டாம் நாள் மாலை, எங்களுக்கு இரண்டு மைல் தள்ளி முகாமிட்டிருந்த இரண்டு வாலிபர்கள் ஒரு மானை வீழ்த்தினார்கள். மானைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது இருட்டுகிற நேரம். கண்டுபிடித்தவர்கள் என்ன செய்தார்கள்? படம் எடுத்தார்கள். கொம்பைப் பிடித்துக்கொண்டு ஒருவன், பிறகு இன்னொருவன், பிறகு விளக்கைப் பாறைமேல் வைத்துவிட்டு இருவருமாக. வயிற்றை மட்டும் கிழித்துக் குடலை எடுத்துவிட்டு, "இரவில் குளிர்ந்துவிடும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று போய்ப் படுத்துவிட்டார்கள். இதெல்லாம் மறுநாள் அவர்களே சொன்னது. வெட்கப்படாமல் சொன்னார்கள்.

காலை ஒன்பது மணிக்கு எங்கள் கூடாரத்துக்கு வந்து உதவி கேட்டார்கள். கிழவர் கேட்ட முதல் கேள்வி: "தோலை உரித்தீர்களா?" இல்லை என்றார்கள். கிழவர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தார். நானும் மூச்சிரைக்கப் பின்னால் போனேன்.

தோலை ஏன் உரிக்கவேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் வாசகர்களில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்கள் அதிகமிருக்க மாட்டார்கள். உயிருள்ள எல்க்கின் உடம்புச் சூடு 101 டிகிரிக்குச் சமீபம். செப்டம்பரில் குளிர்காலத்து ரோமம் வேறு முளைக்கத் தொடங்கியிருக்கும். ரத்தம் ஓடுகிறவரையில் சூட்டை வெளியே கொண்டுபோக வழியுண்டு. ரத்தம் நின்றதும் உள்ளே இருக்கும் சூடு உள்ளேயே சிறைப்படுகிறது. மேல் தோலைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். தொடை எலும்பைச் சுற்றி அடுப்பு அணையாமல் இருக்கும். பின்னந்தொடைதான் உடம்பிலேயே கனமான சதை. அதனால் கெடுதல் அங்கே, எலும்பை ஒட்டி, யார் கண்ணுக்கும் படாமல் ஆரம்பமாகிறது. கறி புளித்துவிட்டது என்பார்கள் அந்த நாட்டு வேட்டைக்காரர்கள்.

வேலை தெரிந்தவன் செய்வது இது. உடனே தோலை உரிக்க வேண்டும். முன்னங்கால்களுக்கு உடம்போடு எலும்பு மூட்டே கிடையாது, சதையால்தான் ஒட்டியிருக்கின்றன. கத்தி சுலபமாகப் போகும். பின்னங்கால்களை இடுப்புக் கிண்ணத்தில் கழற்ற வேண்டும். முதுகுக் கறி, இடுப்புக்குள் இருக்கும் மெல்லிய கறி, கழுத்துக் கறி எல்லாவற்றையும் எடுத்துத் துணிப்பையில் போட்டு நிழலில், காற்றாட, ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கவிட வேண்டும். ஈ மொய்க்காமல் துணி காக்கும். காற்று பட்டு மேற்புறம் காய்ந்து அப்பளம் மாதிரி ஒரு பொறுக்கு கட்டும். அந்தப் பொறுக்குத்தான் கறிக்குக் கவசம். இரவில் ஓடையோரப் பள்ளத்தில் குளிர்காற்று இறங்கித் தங்கும். தொங்கவிட அதுவே நல்ல இடம். விடிந்ததும் படுக்கை விரிப்புகளை மேலே போர்த்தி இரவின் குளிரைப் பகலுக்குச் சேமித்துவைப்பதும் உண்டு. எலும்பிலிருந்து கறியைச் சுடச்சுட முழுவதும் பிரித்துவிடுவதில் கிழவருக்கு இஷ்டமில்லை. விறைப்பு வருவதற்குள் பிரித்தால் சதை சுருங்கி ரப்பராகிவிடுமாம். ரொம்ப வெப்பமாயிருந்தால் மட்டும் தொடையை எலும்புவரையில் ஒரு பக்கம் பிளந்து சூட்டுக்கு வழிவிடுவார். ஓர் ஆள் மூன்று நான்கு மணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை. முந்தின இரவு இரண்டு வாலிப தேகங்கள் அங்கே இருந்தன.

கிழவர் உரித்தார். முன்னங்கால்களும் முதுகுக் கறியும் பிழைத்தன. பின்னங்கால் சந்தில் கத்தியை இறக்கி மூக்கைக் கிட்டே கொண்டுபோனவர், ஒன்றும் பேசாமல் நிமிர்ந்தார். மற்றக் காலும் அப்படியே. அந்த மிருகத்தின் கறியில் பெரிய பங்கு அந்த இரண்டு தொடைகள்தான்.

அப்போதுதான் அந்த வாலிபன் வெயிலைக் குறைசொன்னான்.

கொலராடோச் சட்டம் கண்டிப்பானதுதான். உண்ணத்தக்க கறியைக் காட்டில் விட்டுப் போவது குற்றம். கொம்புக்காக மட்டும் கொன்று உடலைப் போட்டுவிட்டுப் போனால் சிறைக்கு அனுப்பக்கூடிய பெருங்குற்றம். அந்தச் சட்டங்களுக்குப் பின்னால் ஒரு கேவலமான சரித்திரம் இருக்கிறது. எல்க்கின் மேல்வாயில் தந்தம் போன்ற இரண்டு பற்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், கனவான்கள் கடிகாரச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டுக்கொள்வதற்காக, வயோமிங் மலைகளில் மான்களைச் சுட்டு அந்த இரண்டு பற்களை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மற்ற எழுநூறு பவுண்டும் அழுகியது. எல்க் இனமே அந்த நாட்டில் ஒரு லட்சத்துக்கும் கீழே தேய்ந்துபோனது. 1912-இல் ஜாக்ஸன் ஹோலில் எல்க்குகளுக்கென்றே ஒரு சரணாலயம் ஏற்பட்டது. இன்று வட அமெரிக்காவில் அவை சுமார் பத்து லட்சம் இருக்கின்றன. 1937 முதல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரி வாங்கி அந்தப் பணத்தை வனவிலங்குகளுக்குச் செலவிடுகிறார்கள். வேட்டைக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது நியாயமே.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது. கறியைப் பக்குவப்படுத்த 'நியாயமான' முயற்சி செய்யவேண்டும் என்கிறது. எது நியாயம்? படம் எடுத்து முடித்த பிறகு எஞ்சும் நேரமா? பாதி கறியைச் சுமந்துகொண்டு இறங்கி, மீதியை வெயில் கெடுத்துவிட்டது என்று கையை விரித்தால், எந்த வன அதிகாரி எந்த அளவுகோலால் அளப்பார்? கடிகாரச் சங்கிலிக்காரன் வேண்டுமென்றே செய்ததை இவன் சோம்பலால் செய்தான். மானைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான்.

வெயிலை நொந்துகொள்ள உரிமையுள்ளவர்கள் ஒருகாலத்தில் இருந்தார்கள். லூயிஸ், கிளார்க் இருவரும் கண்டத்தைக் குறுக்கே கடந்து, 1805-ஆம் வருஷக் குளிர்காலத்தைப் பசிபிக் கரையோரம், இன்றைய ஆரிகன் மாகாணத்தில், கிளாட்ஸாப் கோட்டை என்று பெயரிட்ட மரக்கொட்டகைகளில் கழித்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடே எல்க்தான். குளிர்காலமாயிற்றே, குளிர் வரவில்லை. ஓயாத மழை, 106 நாளில் மழை இல்லாத நாள் 12. கறி அழுகிக்கொண்டே இருந்தது. புகைமூட்டிப் பார்த்தார்கள். கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுக்கக் கடற்கரைக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் விருந்தே கெட்டுப்போன எல்க் கறிதான் என்றும், வேறு வழியில்லாமல் தின்றதாகவும் கிளார்க் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்த மனிதர்கள் வெயிலையும் மழையையும் சபிக்கலாம். அவர்கள் பசிக்காக அங்கே இருந்தார்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள். கெட்டதைத் தாங்களே தின்றார்கள். நம் வாலிபனோ லீவு போட்டுவிட்டு வந்தவன். காலநிலை அறிக்கையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தவன்.

என் தாயார் ஐஸ் கட்டியைப் பார்த்தது என் கல்யாணத்தில்தான். எங்கள் ஊர்க் கோவில் கொடையில், சித்திரை வெயிலில், கிடா வெட்டி உச்சிப்பொழுதில் வீட்டுக்குப் பங்கு வரும். பொழுது சாய்வதற்குள், சட்டியில் ஏறியது போக மிச்சமெல்லாம் உப்பும் மஞ்சளும் தடவிச் சரமாகக் கோத்து முற்றத்துக் கொடியில் தொங்கும். அந்தச் சிறு பொழுதுக்குள் அம்மா யாரோடும் பேசமாட்டாள். குறுக்கே வந்தால் எனக்கு அடி விழும். வெயிலைக் குறைசொன்னதில்லை, அதே வெயிலை வேலை வாங்கி உப்புக்கண்டம் போட்டாள். அமெரிக்கச் சமவெளியின் ஆதிகுடிப் பெண்களும் எருமைக் கறியை மெல்லிய தகடாக அரிந்து வெயிலில்தான் உலர்த்தினார்கள். வெயில் எங்கேயும் வெயில்தான். தாமதம்தான் மனிதன் செய்வது.

இதற்கு வேட்டைக்காரர்களிடம் ஒரு பதில் உண்டு; அதை மறைக்காமல் சொல்வதுதான் தர்மம். அம்பு பட்ட மானை உடனே துரத்தக்கூடாது. துரத்தினால் பயந்து மைல்கணக்கில் ஓடி, கிடைக்காமலே போய்விடும். அடி வயிற்றில் பட்டுவிட்டால் பல மணி நேரம், சமயத்தில் இரவு முழுவதும், காத்திருக்கத்தான் வேண்டும். அதற்குள் கறி கெட்டால் யார் பிழை? வாஸ்தவம். ஆனால் ஐயா, காத்திருக்க நேரிடும் என்று தெரிந்தவன், இரவு குளிராது என்றும் தெரிந்தவன், சூரியன் விழுகிற நேரத்தில் ஏன் நாணை இழுத்தான்? பதில் சொல்லமாட்டார்கள். கொம்பு பெரிதாக இருந்தது என்பதுதான் பதில்.

இனி நான் சொல்ல வந்தது. எனக்கு அந்த உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் இரவு மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி. நான்காம் நாள் காலையில் மாப்பிள்ளை என்னைக் கைத்தாங்கலாகக் கீழே அழைத்துக்கொண்டு போனார். கிழவர் தனியாக மலையில் தங்கினார். சுமை தூக்க வந்த ஆளை நான்தான் கூட்டிக்கொண்டு போய்விட்டேன் என்பதை இங்கே குறித்துவிடுகிறேன்.

அன்று பகல் ஒரு மணிக்கு, கூடாரத்திலிருந்து நாலு மைலுக்கு அப்பால், ஒரு முகட்டைத் தாண்டி, கிழவர் முன்னால் ஓர் ஆண் எல்க் வந்து நின்றது. இருபது கஜ தூரம். பக்கவாட்டில் நின்றதாம். காற்று அவருக்கு அனுகூலம். ஐம்பது வருஷமாக வில் பிடித்த கைக்கு அது தவறாத குறி.

கிழவர் கணக்குப் போட்டார். தனி ஆள். கறியும் எலும்புமாக ஐந்து சுமை. ஐந்து தடவை சுமந்து வர வேண்டும், நாலு தடவை திரும்பப் போக வேண்டும். ஒன்பது நடை, நடைக்கு நாலு மைல், ஆக 36 மைல், முகடு ஏறி இறங்கி. குதிரை வர இன்னும் இரண்டு நாள். பகல் 80, இரவு 50. முதல் மூன்று சுமை பிழைக்கும், மீதி பிழைக்காது.

அம்பை நாணிலிருந்து எடுத்துத் தூணியில் போட்டுவிட்டார். மான் கொஞ்ச நேரம் மேய்ந்துவிட்டுப் போயிற்று.

அவர் வாங்கியிருந்த அனுமதி செப்டம்பர் வில் பருவத்துக்கு மட்டும். மீதி நாட்களில் ஒன்றும் அகப்படவில்லை. அந்தக் குளிர்காலத்துக்கு அவர் வீட்டில் எல்க் கறி கிடையாது. கடையில் வாங்கின மாட்டுக் கறி. தச்சரின் ஓய்வுப் பணத்தில் அது லேசான செலவல்ல. குதிரையோடு அவர் இறங்கி வந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன். "உங்கள் தலைவலி என்ன செய்யும்? கணக்கு சரிவரவில்லை, அவ்வளவுதான்" என்றார். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாலை முனையில் அந்த வாலிபர்களின் வண்டியும் நின்றது. கூரைமேல் கொம்பும் தலையும் கயிற்றால் கட்டியிருந்தன. அவர்களிடமும் ஐஸ் பெட்டி இருந்தது. ஒன்று, அதில் பீர்.

"பிணத்துக்கு என்ன ஆசாரம்" என்று கேட்ட நண்பருக்கு இதையெல்லாம் எழுதினேன். கறிக்கும் பிணத்துக்கும் நடுவே இருந்தது அந்த ஓர் இரவுதான். அந்த இரவில் ஒருவன் தூங்கினான், அப்படி ஓர் இரவை நினைத்து இன்னொருவர் கொல்லாமலே விட்டார். இரண்டும் ஒன்றென்று எந்த ஆகமம் சொல்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன்.

பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. "அந்தக் கிழவருக்கு என் நமஸ்காரத்தைத் தெரிவியும். அடுத்த செப்டம்பரில் அவருக்கு மான் கிடைத்தால் அதை மட்டும் எனக்கு எழுதாதேயும்."

மாப்பிள்ளை எழுதியிருக்கிறார்: இந்த வருஷமும் கிழவர் புறப்படுகிறாராம். சுமைக்கு இரண்டு பேர் வேண்டுமாம். என்னை வரவேண்டாமென்று சொல்லச் சொன்னாராம்.